திரவ நைட்ரஜனில் மூழ்கிய கணிப்பொறி

கணிப்பொறியின் மீது ஒரு குவளை தண்ணீர் கொட்டிவிட்டாலே நாம் பதறிப்போகிறோம். ஆனால் கணிப்பொறியின் மூளைப் பகுதியை முழுவதுமாக ஒரு திரவத்தில் அமிழ்த்தி, அமிழ்ந்த நிலையிலேயே இயக்கி, அதனாலேயே அதன் வேகத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கிய ஒரு நிறுவனம் இருந்தது. அந்தத் திரவம் நைட்ரஜன். நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள அதே நைட்ரஜன்தான். சுழிக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது தண்ணீரைப் போல் ஓடும் திரவமாகிவிடுகிறது. நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் காளைகளின் உறைவிந்தைக் கெடாமல் வைத்திருக்கும் கலத்தின் மூடியைத் திறந்ததும் வெண்புகை எழுவதை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அந்தக் கலத்தினுள் இருப்பதும் இதுதான். இது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்சுற்றுப் பலகையை இதில் நனைத்தாலும் குறுக்குச்சுற்று ஏற்படுவதில்லை.

அந்த நிறுவனத்தின் பெயர் ஈ.டி.ஏ. சிஸ்டம்ஸ். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த செயின்ட் பால் நகரில், கண்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷன் என்னும் பெரிய கணிப்பொறி நிறுவனத்தின் கிளையாக 1983இல் அது தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய ஈ.டி.ஏ.-10 என்ற மீக்கணிப்பொறி 1987இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. பெயரிலுள்ள 10 என்ற எண், நொடிக்கு ஆயிரம் கோடிக் கணக்குகள் என்ற குறிக்கோளைச் சுட்டுவது.

இப்பொறி நான்கு வகைகளில் வந்தது. இரண்டு வகைகள் விலை குறைந்தவை. அவற்றைக் குளிர்விக்கச் சாதாரணக் காற்றே போதும். மற்ற இரண்டும் திரவ நைட்ரஜனில் மூழ்கியவை. எல்லாவற்றிலும் ஒரே குடும்பத்துச் சில்லுகள்தாம். கணிப்பொறியின் உள்ளே ஒரு கடிகாரம் துடித்துக்கொண்டே இருக்கும் என்பதும், ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடியாக வேலை நகரும் என்பதும் வாசகர்கள் அறிந்ததே. காற்றால் குளிர்ந்த வகைகளில் ஒரு துடிப்புக்கு 24 நானோ நொடியும் 19 நானோ நொடியும் பிடித்தன. நைட்ரஜனில் மூழ்கியவற்றில் அது 10.5 நானோ நொடியாகவும் 7 நானோ நொடியாகவும் குறைந்தது. ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் செல்ல முடியும். 24க்கும் 7க்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் குளிரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. குளிர் மட்டும் தந்த ஆதாயம் ஏறத்தாழ இரு மடங்கு. அதுவே பெரிய ஆதாயம்தான்.

கடுங்குளிரில் நம் கைகால்கள் விறைத்து வேலை ஓடாது. சிலிக்கன் சில்லுக்கு மட்டும் எப்படிக் குளிரில் சுறுசுறுப்பு வருகிறது?

வெப்பத்தை அகற்றுவது வேறு, குளிர்விப்பது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெரும்பாலான கணிப்பொறிகளில் விசிறி உண்டு. அது குளிருக்காக அன்று. சில்லு வெந்துபோகாமல் காப்பதற்காக. சில்லினுள் உள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் சிறிதளவு மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. அந்த ஆற்றல் வெப்பமாகிறது. இன்றைய மேசைக் கணிப்பொறியின் உயர்வகைச் செயலி, இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 250 வாட் வெப்பத்தை வெளிவிடக்கூடும். சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட் ஆகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பில் இதே கணக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு வாட்டைத் தாண்டாது! விசிறியும் தாமிரத் தகடும் சேர்ந்து இந்த வெப்பத்தை வெளியேற்றிச் சில்லை 80, 90 டிகிரியில் நிறுத்தி வைக்கின்றன. இது உயிர் காக்கும் வேலை.

ஆனால் அறை வெப்பநிலைக்கும் கீழே, மேலும் கீழே செல்லும்போது சிலிக்கனின் இயல்பே மாறுகிறது. நாம் பார்க்கப்போவது அந்த மாற்றத்தைத்தான்.

சிலிக்கன் படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை சும்மா இருப்பதில்லை. தத்தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வெப்பம் என்று நாம் சொல்வது இந்த அதிர்வைத்தான். திருவிழாக் கூட்டம் அலைமோதும் தெருவில் ஒருவன் ஓட முயன்றால் என்ன ஆகும்? அடிக்கடி மோதி, தடுமாறி, திரும்பித் திரும்பித்தான் செல்ல முடியும். அதே கூட்டம் பந்திக்கு உட்கார்ந்தாற்போல் வரிசையாக அமைதியாக அமர்ந்துவிட்டால் இடையில் உள்ள வழியில் தடையின்றி ஓடலாம். எலெக்ட்ரானின் நிலையும் இதுவே. தூய சிலிக்கனில் அறை வெப்பநிலையில் உள்ளதைவிடத் திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் எலெக்ட்ரானின் நகர்திறன் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. டிரான்சிஸ்டரின் குறுகிய வாய்க்காலுக்குள் இந்த உயர்வு நான்கைந்து மடங்கு எனலாம்.

அப்படியானால் வேகமும் நான்கைந்து மடங்கு கூட வேண்டாமா? கூடுவதில்லை. காரணம், எலெக்ட்ரானுக்கு ஓர் உச்சவேகம் உண்டு. மின்னழுத்தம் எவ்வளவு தள்ளினாலும் சிலிக்கனில் அது நொடிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டித்தான் ஓடும். குளிரில் இந்த உச்சவேகம் மூன்றில் ஒரு பங்கு அளவே உயர்கிறது. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக எலெக்ட்ரான் இந்த உச்சவேகத்தை விரைவில் எட்டிவிடுவதால், நகர்திறன் உயர்ந்ததன் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை. மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் நகர்திறனைப் படித்துவிட்டு நேரே கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவது வழக்கம்.

டிரான்சிஸ்டர்களை இணைக்கும் கம்பிகளும் குளிரில் பயன் பெறுகின்றன. தாமிரத்தின் மின்தடை திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. மின்தடை குறைந்தால் குறிப்பலை கம்பியின் மறுமுனையை விரைவில் அடையும். இன்றைய சில்லுகளில் கம்பிகள் மிக மெல்லியவை. அவற்றில் எலெக்ட்ரான் அணுக்களின் அதிர்வில் மோதுவதோடு கம்பியின் ஓரங்களிலும் மோதுகிறது. குளிர் அதிர்வை அடக்கும், ஓரங்களை அகற்றாது. எனவே மெல்லிய கம்பிகளில் இந்த ஆதாயம் குறைவே.

ஏரிக்கரையும் அலையும்

குளிரின் மிகப் பெரிய பரிசு வேகம் அன்று என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள டிரான்சிஸ்டரை ஒரு மதகாக நினைத்துக்கொள்ளுங்கள். மதகு திறந்தால் மின்னோட்டம் பாய வேண்டும். மூடினால் நிற்க வேண்டும். ஆனால் மூடிய மதகிலும் கசிவு இருக்கிறது.

ஏன் கசிகிறது? அலையடிக்கும் ஏரிக்குக் கரையைத் தண்ணீர் மட்டத்தின் அளவுக்கே கட்டினால் போதாது. அலைகள் எகிறி எகிறி வெளியே விழும். கரையை உயர்த்தினால் கசிவு குறையும். ஆனால் மிக உயர்ந்த அலை ஒன்றிரண்டு எப்போதும் தாண்டிக்கொண்டுதான் இருக்கும். டிரான்சிஸ்டரில் கரை என்பது மின்னழுத்தம். அலை என்பது எலெக்ட்ரான்களின் வெப்ப ஆற்றல். அறை வெப்பநிலையில், கரையை 60 மில்லிவோல்ட் உயர்த்தினால் கசிவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மேலும் 60 உயர்த்தினால் நூறில் ஒரு பங்கு. ஐந்து முறை உயர்த்தி 300 மில்லிவோல்ட் ஆக்கினால் இலட்சத்தில் ஒரு பங்கு. இந்த 60 என்ற எண்ணை எந்த ஆலையும், எவ்வளவு திறமையாகச் சில்லு செய்தாலும், வழக்கமான டிரான்சிஸ்டரில் குறைக்க முடியாது. அது ஆலையின் குறைபாடு அன்று. இயற்கை வகுத்த எல்லை.

ஆனால் அந்த எண் தனி வெப்பநிலையைப் பொறுத்தது. அறை வெப்பநிலை ஏறத்தாழ 300 கெல்வின். திரவ நைட்ரஜன் 77 கெல்வின். நான்கில் ஒரு பங்கு. ஆகவே கொள்கையளவில் 60 மில்லிவோல்ட் 15 ஆகிவிடுகிறது. முன்பு 300 மில்லிவோல்ட் கரை செய்த வேலையை இப்போது 75 மில்லிவோல்ட் கரையே செய்யும். அலை அடங்கினால் தாழ்ந்த கரை போதுமல்லவா?

கரை தாழ்ந்தால் சில்லை இயக்கும் மின்னழுத்தத்தையும் தாழ்த்தலாம். சில்லு செலவிடும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தம் பாதியானால் செலவு கால்பங்கு. 1970களில் 5 வோல்ட்டில் ஓடிய சில்லுகள் படிப்படியாக இறங்கி, 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் 1 வோல்ட்டை ஒட்டி வந்து நின்றுவிட்டன. அதற்குக் கீழே போனால் கசிவு பொறுக்க முடியாததாகிவிடும். கடிகார வேகம் ஆண்டுதோறும் துள்ளி உயர்ந்த காலம் முடிந்துபோனதற்கு இதுவே முதன்மையான காரணம். குளிர் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி.

விறைத்துப்போகும் சில்லு

இவ்வளவு நன்மை தரும் குளிர் தீமையும் தருகிறது.

தூய சிலிக்கன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதில் பாஸ்பரஸ் போன்ற பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். பாஸ்பரஸ் அணு தன்னிடம் உள்ள ஓர் எலெக்ட்ரானை மிகத் தளர்வாகப் பிடித்திருக்கும். அறையின் வெப்பமே அதை விடுவித்துவிடப் போதுமானது. விடுபட்ட எலெக்ட்ரான்களே மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. குளிர் மிகும்போது, சுமார் 30 கெல்வினுக்கும் கீழே, எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் வீடு திரும்பிவிடுகின்றன. சிலிக்கன் மீண்டும் கடத்தாப் பொருளாகிறது. இதை 'உறைதல்' என்றே பொறியியலார் குறிப்பிடுகின்றனர். நைட்ரஜனின் 77 கெல்வினில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஹீலியத்தின் 4 கெல்வினில் உண்டு. அங்கும் வாயில் மின்னழுத்தத்தால் இயங்கும் வகை டிரான்சிஸ்டர்கள், மின்புலத்தின் வலிமையால் எலெக்ட்ரான்களை இழுத்துக்கொண்டு ஒருவாறு வேலை செய்கின்றன.

ஈ.டி.ஏ. நிறுவனத்தின் துணிச்சல் இங்கேதான் விளங்கும். அக்காலத்து மீக்கணிப்பொறிகள் பெரும்பாலும் இருதுருவ டிரான்சிஸ்டர்களால் ஆனவை. அவை வேகமானவை, ஆனால் குளிரில் அவற்றின் பெருக்கும் திறன் சரிந்துவிடும். வாயில் மின்னழுத்தத்தால் இயங்கும் சிமாஸ் வகைச் சில்லுகளோ மின்சாரம் குறைவாகத் தின்பவை. ஆனால் மெதுவானவை என்று ஒதுக்கப்பட்டவை. அவற்றைக் குளிரில் போட்டால் மெதுவான குதிரை பந்தயக் குதிரையாகும் என்று அந்த நிறுவனத்தார் கணித்தார்கள். அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. இருதுருவ வகையிலும் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியம் கலந்த சிலிக்கனால் ஆன டிரான்சிஸ்டர் ஒன்றை 2006இல் ஐ.பி.எம். நிறுவனமும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் 4.5 கெல்வின் வரை குளிர்வித்தன. அறை வெப்பநிலையில் நொடிக்கு 35,000 கோடித் துடிப்பு வரை சென்ற அது, குளிரில் 50,000 கோடியைத் தாண்டியது. ஆனால் அது ஒற்றை டிரான்சிஸ்டர், செயலி அன்று.

இரண்டாவது தொல்லை, டிரான்சிஸ்டரைத் திறக்கத் தேவையான மின்னழுத்தம் குளிரில் உயர்ந்துவிடுவது. ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டாலும் 200 டிகிரி இறங்கும்போது 0.2 வோல்ட். 5 வோல்ட் காலத்தில் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. 1 வோல்ட் சில்லில் இது ஐந்தில் ஒரு பங்கு! அறை வெப்பநிலைக்கென்று செய்த சில்லைக் குளிரில் போட்டால், மேலே சொன்ன கரையைத் தாழ்த்தும் ஆதாயம் தானாகக் கிடைக்காது. கரை உயரத்தான் செய்யும். குளிருக்கென்றே புதிதாக வடிவமைக்க வேண்டும். கடைச் செயலிகள் பல, சுழிக்குக் கீழே ஏதோ ஒரு வெப்பநிலையை எட்டியதும் திடீரென்று நின்றுவிடுவதற்கு இத்தகைய மாற்றங்களே காரணம். கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் சுற்று, ஒப்பீட்டு மின்னழுத்தத்தைத் தரும் சுற்று போன்றவை தடம் புரண்டுவிடுகின்றன. சற்றுச் சூடாக்கினால் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடும்.

இன்னும் உண்டு. தடையின்றி ஓடும் எலெக்ட்ரான் அதிக ஆற்றல் பெற்று, வாயிலின் அடியில் உள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தில் பாய்ந்து சிக்கிக்கொள்கிறது. இதனால் டிரான்சிஸ்டர் நாளடைவில் கெடுகிறது. மேலும் குளிரில் எல்லாப் பொருளும் சுருங்கும்; ஆனால் ஒரே அளவில் அன்று. சிலிக்கன் சுருங்குவதைவிடத் தாமிரம் ஆறு மடங்குக்கு மேல் சுருங்குகிறது. குளிர்வித்துச் சூடாக்கிக் குளிர்வித்தால் பற்றவைப்புகள் விண்டுபோகலாம். காற்றிலுள்ள ஈரமோ குளிர்ந்த பலகையின் மேல் பனியாகப் படிந்து, உருகியதும் நீராகிச் சுற்றைக் கெடுக்கும்.

இவை அத்தனையையும் மீறி, கடையில் வாங்கிய செயலியின் மேல் தாமிரக் குவளையைப் பொருத்தி, அதில் திரவ நைட்ரஜனை ஊற்றி, வேகச் சாதனை படைப்பதையே ஒரு விளையாட்டாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் இருக்கும் குவளையில் முதலில் ஊற்றும் நைட்ரஜன், காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீரைப் போலத் துள்ளித் துள்ளி உருளும். தனக்கும் உலோகத்துக்கும் இடையே தானே ஓர் ஆவிப் படலத்தை விரித்துக்கொள்வதால் வெப்பத்தை மெதுவாகத்தான் எடுக்கும். குவளை போதிய அளவு குளிர்ந்த பிறகே திரவம் உலோகத்தைத் தொட்டுக் கொதிக்கத் தொடங்கும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியாக ஏறத்தாழ 160 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 500 வாட் வெளிவிடும் செயலி அதை ஐந்தே கால் நிமிடத்தில் குடித்துவிடும். அந்த ஒரு லிட்டர் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். காற்றோட்டம் இல்லாத சிறிய அறையில் இது ஆக்சிஜனை ஒதுக்கி மூச்சைத் திணறடிக்கும். எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் விளையாடிப் பார்க்கும் பொருளன்று இது.

2011இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலி ஒன்று திரவ ஹீலியத்தின் துணையால் 8.4 கிகா ஹெர்ட்ஸைக் கடந்தது. 2022 டிசம்பரில் இன்டெல் செயலி ஒன்று 9 கிகா ஹெர்ட்ஸை எட்டியது. பதினோர் ஆண்டுகளில் இவ்வளவுதான் முன்னேற்றம்! அதுவும், பதிவு செய்யப்போதிய சில கணங்களுக்கு மட்டும்.

குளிருக்குக் கொடுக்கும் விலை

திரவ நைட்ரஜன் மரத்தில் காய்ப்பதில்லை. சில்லிலிருந்து எடுத்த வெப்பத்தை அறைக்குத் தள்ள வேண்டும். தாழ்ந்த இடத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவது போன்ற வேலை அது. 77 கெல்வினிலிருந்து 300 கெல்வினுக்கு ஒரு வாட் வெப்பத்தை ஏற்ற, இயற்கை விதிப்படி குறைந்தது 2.9 வாட் செலவாகும். நடைமுறையில் உள்ள குளிர்விப்பான்களில் சுமார் 10 வாட். சில்லின் ஒரு வாட்டையும் சேர்த்தால் 11.

இப்போது ஒரு சிறு கணக்கு. குளிரால் மின்னழுத்தத்தை 1 வோல்ட்டிலிருந்து அரை வோல்ட்டாகக் குறைத்தோம் என்று கொள்வோம். சில்லின் செலவு கால்பங்கு. அதைப் பதினொன்றால் பெருக்கினால் 2.75. அதாவது முன்னைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மின்சாரம், நட்டம். 0.3 வோல்ட்டாகக் குறைத்தால் சில்லின் செலவு நூறில் ஒன்பது பங்கு. பதினொன்றால் பெருக்கினால் ஏறத்தாழ ஒன்று. வரவும் செலவும் சரி. அதற்கும் கீழே இறங்கினால்தான் மின்சாரத்தில் மிச்சம். கசிவு நின்றதால் வரும் ஆதாயத்தையும் கூடிய வேகத்தையும் தனியே சேர்த்துக்கொள்ளலாம்.

1980களில் இந்தக் கணக்கைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. மீக்கணிப்பொறி வாங்குபவருக்கு வேகமே வேண்டும். ஆயினும் ஈ.டி.ஏ. பிழைக்கவில்லை. பொறி நன்றாக இருந்தது. அதை இயக்கும் மென்பொருள் தேறவில்லை. நட்டத்தைத் தாங்காத தாய் நிறுவனம் 1989 ஏப்ரலில் அதை மூடிவிட்டது. 1999இல் அமெரிக்காவின் கிரையோடெக் நிறுவனம், செயலியைச் சுழிக்குக் கீழே 40 டிகிரிக்குக் குளிர்விக்கும் குளிர்ப்பெட்டியோடு கூடிய மேசைக் கணிப்பொறியால் 1 கிகா ஹெர்ட்ஸை எட்டிக் காட்டியது. சில மாதங்களில் சாதாரணச் செயலிகளே விசிறிக் காற்றில் அந்த வேகத்தைத் தொட்டுவிட்டன. குளிர் தந்த இரு மடங்கை, டிரான்சிஸ்டரைச் சிறிதாக்குவதன் மூலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் மலிவாகவே பெற முடிந்த காலம் அது. காத்திருந்தால் கிடைப்பதற்கு ஏன் நைட்ரஜன் வாங்க வேண்டும்?

இப்போது காத்திருந்தாலும் கிடைப்பதில்லை. அதனால்தான் பழைய எண்ணம் மறுபடி தலைதூக்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள், நுண்தகடுகளால் ஆன புதுவகை டிரான்சிஸ்டர் ஒன்றை 77 கெல்வினில் இயக்கி, அறை வெப்பநிலையைவிட ஏறத்தாழ இரு மடங்கு செயல்திறன் கண்டார்கள். ஈ.டி.ஏ. கண்ட அதே இரு மடங்கு!

இன்னொரு பக்கம், குளிர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லாத துறை ஒன்று வளர்ந்துவிட்டது. குவாண்டம் கணிப்பொறிகள் பலவற்றின் மையப் பகுதி, ஒரு கெல்வினில் நூறில் ஓரிரு பங்கு வெப்பநிலையில் இருந்தாக வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகளை அறையில் வைத்து நூற்றுக்கணக்கான கம்பிகளை உள்ளே இழுத்தால், கம்பி வழியே வெப்பம் நுழைந்துவிடுகிறது. ஆகவே கட்டுப்பாட்டுச் சில்லையும் குளிர்கலத்தினுள்ளேயே வைக்க முயல்கிறார்கள். 2019இல் இன்டெல் வெளியிட்ட 'ஹார்ஸ் ரிட்ஜ்' என்ற சில்லு 4 கெல்வினில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டது. இத்தகைய குளிர்கலங்களில் பயன்படும் குளிர்விப்பான் ஒன்று, 4 கெல்வினில் ஒன்றரை வாட் வெப்பத்தை வெளியேற்றுவதற்குச் சுமார் 10 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஒன்றரை வாட்டுக்குள் சில்லு தன் வேலை முழுவதையும் முடித்துக்கொள்ள வேண்டும்.